உள்ளங்கையில் நூற்றறுபது

பூதலப்பட்டைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் ஊர ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் அடியோடு நின்றே விட்டது. சைரன் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லா ரோடெல்லாம் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற மாங்காய்க்கே சொந்தம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான், உயிருக்கு ஊசலாடுகிறவர் வண்டிக்குள் இருந்தாலும் சரி.

உள்ளே படுத்திருந்தவர் ஏகாம்பரம். நகரி பக்கத்துக் கிராமத்து விவசாயி. நேற்று முன்தினம் வரை யாரையாவது அதட்டிக்கொண்டே இருந்தவர். இப்போது இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, முகத்தை மூடிய மாஸ்க்குக்குள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலைப் பிடித்தபடி பக்கத்து பெஞ்சில் மகள் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். சித்தூரில் ஒரு இன்டர் காலேஜில் பிளஸ் டூ பசங்களுக்குக் கணக்கு லெக்சரர்.

திருப்பதிக்குக் கொண்டு போவது என்று முடிவெடுத்தது அவள்தான். "இங்க வெண்டிலேட்டர் காலி இல்ல, திருப்பதிக்கு மாத்தினா நல்லது, ஆனா வழியில ரிஸ்க் இருக்குது" என்று சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு பக்கமும் பேசினார். தம்பி தமிழரசு போனிலேயே குதித்தான். "நைனாவ அசைக்காதக்கா. நான் வந்துகினே கீறேன், வந்து பேசிக்கலாம்" என்றான். பிரேமலதா காத்திருக்கவில்லை. "சரி, கூட்டிக்கினு போ. இன்னா ஆனாலும் நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

நைனாவின் தலைமாட்டில் ஜமீலா இருந்தாள். ஆம்புலன்ஸ் நர்ஸ், இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விரல் நுனியில் மாட்டிய கருவியைப் பார்ப்பதும், மாஸ்க்கைச் சரி செய்வதும், "தாத்தா, மெல்ல இழுங்க, பயப்படாதீங்க" என்பதுமாக இருந்தாள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றிரண்டு என்று கருவி காட்டியது. அது தொண்ணூறுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார்.

டிரைவர் திருவேங்கடம் கண்ணாடியை இறக்கிவிட்டு முன்னால் நின்ற டிராக்டர்காரனை நகரச் சொன்னார். "எக்கடிக்கி போயேதி அன்னா?" என்று அவன் கையை விரித்தான். அவனும் பாவம் எங்கே போவான்? அவனுக்கு முன்னாலும் டிராக்டர், பின்னாலும் டிராக்டர்.

திருவேங்கடம் யோசிக்கவில்லை. "கெட்டியா புடிச்சிக்கோங்க" என்று கத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்து, ரோட்டோரத்து மண்ணில் வண்டியை இறக்கினார். மண்ணா அது? மழைத்தண்ணீர் அறுத்த பள்ளமும் கல்லும்தான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, தூக்கிப் போட்டு, மறுபடி தூக்கிப் போட்டது. எங்கேயோ இரும்பில் இரும்பு மோதியது. ஜமீலா நைனாவின் மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் ஸ்டிரெச்சரைப் பிடித்துக்கொண்டாள். கடைசி டிராக்டரையும் தாண்டித் தார் ரோட்டில் ஏறியபோது பிரேமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவள் முதல் முறையாக பெஞ்சுக்கடியில் கட்டியிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைக் குனிந்து பார்த்தாள். அதன் தலையில் ஒரு வட்ட மீட்டர், கழுத்தில் சிவப்பு எழுத்தில் 'முழு அளவு 150' என்று ஒரு சீட்டு. முள் எழுபதில் நின்றது. மணி பத்தே முக்கால். சித்தூரில் சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பியிருந்தார்கள்.

"அண்ணா, திருப்பதிக்கு இன்னும் எவ்ளோ நேரம்?"

"இந்த இழவுல மாட்டாம இருந்திருந்தா இந்நேரம் சந்திரகிரிய புடிச்சிருப்பேன் மேடம். இனிமே இன்னா அடிச்சாலும் பதினொன்னே முக்காலுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன."

மறுபடி குனிந்தபோது மணி பத்து ஐம்பது. முள் அறுபதில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் பத்து!

பையில் பேனா இருந்தது, பேப்பர் இல்லை. இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டாள். கிளம்பியதிலிருந்து ஆன நிமிடம் x. முள் காட்டுவது y. நாற்பத்தைந்தில் எழுபது, ஐம்பதில் அறுபது. நிமிடத்துக்கு இரண்டு இறங்குகிறது. 2x + y = 160 என்று எழுதினாள். இரண்டு தடவை போட்டுச் சரிபார்த்தாள். தொண்ணூறும் எழுபதும் நூற்றறுபது. நூறும் அறுபதும் நூற்றறுபது. சமன்பாடு சரி.

காலேஜில் அவளுக்கு 'விரல் மேடம்' என்று பெயர். பசங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தது, அவளுக்கும் தெரியும். ஒரு நேர்கோடு அச்சுகளை எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க அவள் சொல்லித்தருகிற வழி அது. 3x + 4y = 12 என்று கொடுத்தால், பாதிப் பசங்கள் x-க்குப் பக்கத்தில் இருக்கிற மூன்றைப் பார்த்ததுமே x-வெட்டுத்துண்டு மூன்று என்று எழுதிவிடுவார்கள். "கண்ண மூடிக்கினு எழுதாத, விரலால மூடிட்டு எழுது" என்பாள். x-அச்சின் மேல் y என்பது பூஜ்யம். அதனால் y இருக்கிற உறுப்பை விரலால் மூடு. மிச்சம் 3x = 12; ஆக நான்கு. மற்றது வேண்டுமானால் x-ஐ மூடு. அதோடு இன்னொன்றும் சொல்லுவாள். என்ட்ரன்ஸ் பரீட்சையில் கேள்விக்கு ஒரு நிமிடம்தான். ஆகவே எதைக் கேட்டார்களோ அதற்கு மட்டும் விரல் வை, கேட்காததற்கு வைத்தால் டைம் வேஸ்ட்.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முள் எப்போது பூஜ்யத்தைத் தொடும்? y-ஐ மூடினாள். 2x = 160. x = 80. பசங்களுக்குச் சொல்லுகிற மாதிரியே விடையைச் சுற்றி வட்டம் போட்டாள். எண்பதாவது நிமிடம், அதாவது பதினொன்று இருபது. திருப்பதிக்கோ எவ்வளவு சீக்கிரம் போனாலும் பதினொன்று நாற்பது.

நடுவில் இருபது நிமிடம் நைனாவுக்கு மூச்சு இல்லை.

"வேற சிலிண்டர் எங்க?" என்றாள்.

"அது காலையில ஒரு கேஸுக்கே காலி ஆயிடுச்சி மேடம். திருப்பதியிலதான் மாத்தணும்" என்றாள் ஜமீலா.

"திரும்பிச் சித்தூருக்கே போயிடலாம், திருப்புங்கண்ணா!"

"அந்த டிராக்டருங்கள மறுபடி தாண்டணுமே மேடம்" என்றார் திருவேங்கடம். ஒரு கையால் ஓட்டியபடியே சந்திரகிரியில் தெரிந்த இன்னொரு ஆம்புலன்ஸ்காரருக்குப் போன் போட்டார். அந்த வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்தது. வழியில் இருந்த கிளினிக்குகளில் இவ்வளவு ஆக்ஸிஜன் கிடைக்காது என்பது மூவருக்குமே தெரியும்.

பிரேமலதாவின் பயம் கோபமாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். எதிரே ஜமீலா இருந்தாள்.

"கிளம்பறப்போ இந்த சிலிண்டர்ல எவ்ளோ இருந்துச்சி?"

"நூத்தி இருவது மேடம்."

"பொய் சொல்லாத."

"அல்லாமேல ஆணையா மேடம், நூத்தி இருவது. நான்தான் பாத்து மாட்டினேன். எப்பவும் திருப்பதி போனா கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும்."

"மிச்சமா? பதினொன்னு இருவதுக்கு ஜீரோ! கணக்கு போட்டு சொல்றேன், காதுல வாங்கினியா? அரை சிலிண்டர ஏத்திட்டு, முள்ளக்கூட பாக்காம வந்துட்டு, நூத்தி இருவதுன்னு சாதிக்கிறியா? எங்க நைனா உசுரு உனுக்கு வெளையாட்டா கீதா?"

ஜமீலா குனிந்து மாஸ்க்கின் பட்டையைச் சரி செய்தாள். மாஸ்க்குக்கு மேலே நைனாவின் கண்கள் ஒரு முறை மகள் பக்கம், ஒரு முறை அந்தப் பெண்ணின் பக்கம் என்று போய் வந்தன.

"கொறை. ஆக்ஸிஜன கொறைச்சி வை. பாதியா வெச்சா கடைசி வரைக்கும் வரும்."

"தாத்தாவுக்குத் தாங்காது மேடம்..."

"கொறைன்னு சொல்றேன்ல!"

ஜமீலா திருகைக் குறைத்தாள். தொண்ணூற்றிரண்டு தொண்ணூறாயிற்று. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. கருவி கீச்சிட ஆரம்பித்தது. நைனாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு கை எழும்பிக் காற்றில் எதையோ தேடியது. இந்த முறை யார் சொல்லையும் எதிர்பார்க்காமல் ஜமீலாவே திருகைப் பழையபடி திருப்பினாள். கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மேடம், என்னால முடியாது" என்றாள்.

அந்த அழுகை பிரேமலதாவின் ஆத்திரத்தை இன்னும் கிளப்பிவிட்டது. தப்பும் செய்துவிட்டு அழுகை வேறு. நூற்றிருபதாம்! கிளம்பும்போது உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இவள் முகத்துக்கு நேரே காட்டிவிட வேண்டும். அதற்கு என்ன, இன்னொரு விரல் வைத்தால் ஆயிற்று. கிளம்பிய நேரம் என்றால் x பூஜ்யம். மிஞ்சிப் போனால் தொண்ணூறோ நூறோ வரும். வரட்டும், அப்போது என்ன சொல்லுகிறாள் பார்க்கலாம்.

உள்ளங்கையை ஜமீலாவின் பக்கம் நீட்டி, வலது கைச் சுட்டுவிரலை 2x-இன் மேல் வைத்தாள்.

y = 160.

விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். நூற்றறுபது. எந்த சிலிண்டரிலும் நூற்றறுபது இருக்காது. அதன் கழுத்தில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்ததே, முழுசாக நிரப்பினால் நூற்றைம்பது என்று! இந்தக் கோடு சொல்லுவதை நம்பினால், நிரம்பி வழிகிற சிலிண்டரை விடவும் அதிகமாக வைத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அது நடக்காத காரியம்.

அப்படியென்றால் சித்தூரிலிருந்து ஒரே கோடாக வரவில்லை. முதலில் மெல்லத்தான் இறங்கியிருக்கிறது. வழியில் எங்கேயோ கோடு ஒடிந்து, செங்குத்தாக விழ ஆரம்பித்திருக்கிறது.

அந்தப் பள்ளம். இரும்பில் இரும்பு மோதிய சத்தம்.

"அண்ணா, நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க! கேஸ் லீக் ஆவுது!"

"நிறுத்தினா நேரம் போவுமே..."

"நிறுத்துங்கண்ணா! இஞ்சின், சைரன், ஏசி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க!"

திருவேங்கடம் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். எல்லாச் சத்தமும் அடங்கியதும் அந்த நிசப்தத்தில் இரண்டு சத்தங்கள் மிஞ்சின. ஒன்று நைனாவின் மூச்சு. மற்றது பெஞ்சுக்கடியிலிருந்து வந்த மெல்லிய சீறல். பிரேமலதா முழங்காலிட்டுக் கையை உள்ளே நுழைத்தாள். சிலிண்டரின் கழுத்தில் மீட்டரை மாட்டியிருக்கிற இடத்தில், வியர்த்துப் போயிருந்த அவள் உள்ளங்கையில் சில்லென்று காற்று அடித்தது.

"இங்கதான். ஜமீலா, இங்கதான்."

திருவேங்கடம் ஸ்பேனரோடு பின்னால் ஓடி வந்தார். அவர் கையெல்லாம் கிரீஸ். "அண்ணா, எண்ணெய்க் கையோட தொடாதீங்க, பத்திக்கும்!" என்று ஜமீலா அதைப் பிடுங்கித் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முறுக்கிப் பார்த்தாள். சீறல் நிற்கவில்லை. மறுபடி முறுக்கினாள். நிற்கவில்லை.

"வாஷர் நவுந்து போயிருக்குது மேடம். வால்வ மூடிட்டு, கழட்டி, சரியா வெச்சிட்டு, திரும்ப மாட்டணும். அது வரைக்கும்..."

அது வரைக்கும் நைனாவுக்கு ஆக்ஸிஜன் கிடையாது. பாதியாகக் குறைத்ததற்கே என்ன ஆனது என்று பார்த்தாயிற்று. ஜமீலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு மறுபடி பிரேமலதாவின் தலையில்தான் வந்து விழுந்தது. அவள் போன் பைக்குள் அதிர்ந்தது, தமிழரசாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"பண்ணு" என்றாள்.

வால்வை மூடியதும் மாஸ்க் அமைதியாகிவிட்டது. பிரேமலதா நைனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நைனா, கொஞ்சம் பொறுத்துக்கோ. தோ ஆயிடுச்சி. என்ன பாரு நைனா, என்னையே பாரு." எண்பத்தாறு. எண்பத்திரண்டு. கீழே ஸ்பேனர் வழுக்கி எங்கேயோ இடித்தது. எழுபத்தெட்டு. நைனாவின் உதட்டோரம் நீலம் பாய்ந்தது. தான்தான் கொன்றுவிட்டோம் என்று பிரேமலதாவுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கூப்பிடாத சாமியில்லை. எழுபத்துநான்கு. "ஜமீலா!" என்று அலறினாள். "தோ மேடம், தோ, தோ" என்று கீழிருந்து குரல் வந்தது. பிடித்திருந்த கையின் பிடி தளர்ந்தது.

மாஸ்க் புஸ்ஸென்றது.

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பெஞ்சுக்கடியில் சத்தமே இல்லை. எழுபத்தாறு. எண்பத்தொன்று. எண்பத்தொன்பது என்று வந்தபோது திருவேங்கடம் கதவை அறைந்து மூடிவிட்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

முள் நாற்பத்துநான்கில் இருந்தது. மணி பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் குறைவு. பிரேமலதா அடுத்த சில நிமிடங்கள் அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது நிமிடத்துக்கு ஒன்றுதான் இறங்கியது. கையில் இடம் இல்லை; மணிக்கட்டுப் பக்கம் x + y = 102 என்று எழுதினாள். y-ஐ மூடினாள். நூற்றிரண்டாவது நிமிடம், பதினொன்று நாற்பத்திரண்டு. இந்த முறை அத்தோடு விடவில்லை. x-ஐயும் மூடினாள். கிளம்பும்போது நூற்றிரண்டு இருந்திருந்தால் போதும் என்றது கோடு. ஜமீலா சொன்னது நூற்றிருபது. நடுவில் காணாமல் போன பதினெட்டு, பத்து நாற்பது வாக்கில் பள்ளத்தில் இறங்கியதிலிருந்து புளியமரம் வரைக்கும் நிமிடத்துக்கு ஒன்றாகச் சீறிப் போன காற்று. கணக்கு ஒத்துப் போனது. ஜமீலா ஒரு எண்ணைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"அண்ணா, பதினொன்னு நாப்பத்திரெண்டுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்ல."

"நாப்பதுக்கு நிறுத்தறேன் மேடம்" என்றார் திருவேங்கடம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார்.

சந்திரகிரிக் கோட்டை வந்தது, போனது. திருப்பதிக்குள் நுழைந்ததும் மொட்டைத் தலைகளும் சுற்றுலாப் பேருந்துகளும். ஜமீலா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஜரகண்டி! ஜரகண்டி!" என்று கத்தினாள். முள் பத்துக்கு வந்தது. ஐந்துக்கு வந்தது. பிறகு அது பூஜ்யத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. ஆனால் மாஸ்க்கில் இன்னும் கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் ஸ்டிரெச்சர் இறங்கியது, ஓடியது. சுவரிலிருந்து வந்த குழாயை நைனாவின் மாஸ்க்கில் மாட்டுகிற நேரத்தில், இந்தப் பக்கம் சிலிண்டர் ஒரு முறை செருமிவிட்டு ஓய்ந்தது. பிரேமலதா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். நைனாவின் விரலில் இருந்த கருவி தொண்ணூற்றாறு என்று காட்டியது. டாக்டர், "சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க" என்றார். அதைத் தமிழரசுக்குப் போனில் சொன்னாள். "அக்கா... நான் ஏதோ டென்ஷன்ல..." என்று இழுத்தான். "பரவால்ல வா" என்று வைத்துவிட்டாள்.

நைனா கண் திறந்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட... பேசினியா?"

அவ்வளவுதான் சொன்னார்.

பிரேமலதா வெளியே ஓடினாள். ஆம்புலன்ஸ் இன்னும் அங்கேதான் இருந்தது. ஜமீலா பின்கதவுப் படியில் உட்கார்ந்து, சிலிண்டரிலிருந்து கழற்றிய பழைய வாஷரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புது சிலிண்டர் மாட்டியாகியிருந்தது.

"ஜமீலா, நான் உன்ன என்னென்னவோ பேசிட்டேன். நீ சொன்னதுதான் சரி. நூத்தி இருவதுதான் இருந்துச்சி. என்ன மன்னிச்சிடு."

ஜமீலா நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிரேமலதாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க திட்டினது போவட்டும் மேடம், எல்லாரும் திட்றதுதான். நூத்தி இருவதுன்னு நான் என் கண்ணால பாத்தேன். ஆனா நீங்க கணக்கு போட்டு சொன்னதும், நான்தான் தப்பா பாத்துட்டேன்னு நெனைச்சிட்டேன். தாத்தா செத்துப் போயிட்டா நான்தான் கொன்னேன்னு நெனைச்சிக்கினே உக்காந்துகினு இருந்தேன். அந்த நெனப்புல எழுந்து சிலிண்டர தொட்டுக்கூட பாக்கல. தொட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பிரேமலதா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் மை கலைந்திருந்தாலும் எல்லாம் படிக்க முடிந்தது. பெரிய வட்டத்துக்குள் எண்பது. அதற்கு மேல் வரியில், அவளே எழுதி, அவளே இரண்டு தடவை சரிபார்த்து, ஜமீலாவைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவைகூட விரல் வைத்துப் பார்க்காமல் விட்ட நூற்றறுபது.